வாசகர் கேள்விகள்: எம்.பி.ஏ.வில் எந்தப் பிரிவு?

இந்த மாதம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி எம்.பி.ஏ. பற்றியவை. எம்.பி.ஏ. சேர்க்கைக்கான டான்செட் தேர்வு நெருங்கும்போதெல்லாம் இப்படித்தான். புதிய வாசகர்களுக்காக ஒரு வரி: நான் ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் ஒப்பந்தப் பிரிவில் 33 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பிறகு சில ஆண்டுகள் இரண்டு கல்லூரிகளில் எம்.பி.ஏ. மாணவர்களுக்கு ஒப்பந்த மேலாண்மைப் பாடத்தை நடத்தினேன். எதைக் கேட்டாலும் கடைசியில் ஒப்பந்தத்தில் கொண்டுபோய் நிறுத்துவேன் என்று வீட்டில் என் மீது ஒரு குற்றச்சாட்டு உண்டு.

கேள்வி: எனக்கு 31 வயது. மெக்கானிக்கல் படித்துவிட்டு, வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் பர்ச்சேஸ் பிரிவில் ஏழு ஆண்டுகளாக இருக்கிறேன். வேலையை விடாமல் இணையவழி எம்.பி.ஏ. படிக்க ஆசை. தொழில்நுட்ப மேலாண்மை, இணையப் பாதுகாப்பு, மின்வணிகம், ஒப்பந்த மேலாண்மை என்று நான்கு பிரிவுகள் காட்டுகிறார்கள். தினமும் போன் செய்கிற ஒரு பெண், "இணையப் பாதுகாப்புக்குத்தான் சார் எதிர்காலம்" என்கிறார். எதை எடுக்கலாம்?
வாசகர், ஓசூர்

பதில்: அந்தப் பெண்ணின் மேல் கோபம் வேண்டாம் தம்பி. மாதத்துக்கு இத்தனை சேர்க்கை என்று அவருக்கு இலக்கு வைத்திருப்பார்கள். அவர் சொல்லும் எதிர்காலம் முப்பதாம் தேதி வரைக்கும்தான்.

நான்கு பெயர்களைப் பார்த்து மலைக்கவும் வேண்டாம். எதில் சேர்ந்தாலும் முதல் ஆண்டு ஏறக்குறைய ஒன்றுதான்: கணக்கியல், பொருளியல், நிதி, சந்தைப்படுத்தல், புள்ளியியல், மனிதவளம். இரண்டாம் ஆண்டில் வரும் ஐந்தாறு தாள்களில்தான் பிரிவின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தத் தாள்களின் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். யார் நடத்துகிறார்கள், சான்றிதழில் பிரிவின் பெயர் அச்சாகுமா என்றும் கேளுங்கள். என் கைக்கு வந்த ஒரு பாடத்திட்டத்தில், பாதுகாப்பு மேலாண்மை என்ற தலைப்பின் கீழ் இருந்த ஐந்து தாள்களில் மூன்று, பழைய கணினித் தகவல் முறைமைத் தாள்களுக்குப் புதுச்சட்டை போட்டவை. அது எந்தக் கல்லூரி என்பது இங்கே வேண்டாம்.

இப்போது என் கேள்வி. காலையில் அலுவலகம் போனதும் நீங்கள் முதலில் திறக்கும் கோப்பு எது? பர்ச்சேஸ் ஆர்டரும் சப்ளையர் அனுப்பிய மின்னஞ்சலும்தானே? அப்படியானால் ஏழு ஆண்டுகளாக நீங்கள் ஒப்பந்த மேலாண்மைதான் செய்துகொண்டிருக்கிறீர்கள், அந்தப் பெயர் தெரியாமல். மின்னஞ்சலில் "கன்ஃபர்ம்" என்று ஒரு சொல்லைத் தட்டிவிட்டுச் சாப்பிடப் போகிறீர்களே, அது என்ன செய்யும் தெரியுமா? 2007இல் ஆஸ்திரேலியாவிலிருந்து ஐந்து கப்பல் பாக்சைட் வாங்குவதாக ஒரு நிறுவனம் மின்னஞ்சலில் உறுதி சொன்னது. பின்னர், முறையான ஒப்பந்தத்தில் கையெழுத்தே ஆகவில்லையே என்று பின்வாங்கியது. டிரைமெக்ஸ் எதிர் வேதாந்தா என்ற அந்த வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம், அந்த மின்னஞ்சல்களே ஒப்பந்தம், தனியாகக் கையெழுத்துத் தேவையில்லை என்று சொல்லிவிட்டது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 2008ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 10ஏ பிரிவும் மின்னணு வழி ஒப்பந்தம் செல்லும் என்றே சொல்கிறது. ஒரு பர்ச்சேஸ் அதிகாரி இதைத் தெரிந்துகொள்ள இரண்டு ஆண்டு எம்.பி.ஏ. தேவையா என்று கேட்டால், இதற்கு மட்டும் தேவையில்லை. ஆனால் இது போல ஐம்பது இருக்கின்றன.

மற்ற மூன்றும் வீண் என்று நான் சொல்லவில்லை. உங்கள் தொழிற்சாலை நாளைக்கு ஒரு மேகக் கணினிச் சேவையை, அதாவது கிளவுடை, எடுக்கிறது என்று வையுங்கள். விற்பவர் 99.9 சதவீத நேரம் ஓடும் என்று எழுதித் தருவார். கேட்க அழகாக இருக்கும். ஆண்டுக்கு 8,760 மணி நேரம். அதில் மீதி 0.1 சதவீதம் என்பது எட்டே முக்கால் மணி நேரம். 99.5 என்று எழுதியிருந்தால் கிட்டத்தட்ட 44 மணி நேரம். மூன்று ஷிப்ட் ஓடும் ஆலைக்கு அது ஐந்தரை ஷிப்ட். முன்கூட்டியே சொல்லிவிட்டு நிறுத்தும் பராமரிப்பு நேரம் இந்தக் கணக்கில் சேருமா, சேராதா? உங்கள் தரவு திருடு போனால் யார் யாருக்கு எத்தனை மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும்? தொழில்நுட்பம், பாதுகாப்பு, ஒப்பந்தம் மூன்றும் ஒரே தாளில் வந்து உட்கார்ந்துவிட்டன, பார்த்தீர்களா? ஒப்பந்தப் பிரிவை எடுத்துக்கொண்டு, விருப்பத் தாள் ஒன்றைத் தொழில்நுட்பத்தில் எடுங்கள்.

ஒன்று மட்டும் பணம் கட்டும் முன் செய்துவிடுங்கள். அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அந்தப் படிப்பை இணையவழியில் நடத்த இந்தக் கல்வி ஆண்டுக்கு அனுமதி உண்டா என்பதை யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு வெளியிடும் பட்டியலில் நீங்களே பாருங்கள். அனுமதி பெற்ற இணையவழிப் பட்டம் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று யு.ஜி.சி. 2022இல் தெளிவாக அறிவித்திருக்கிறது. அனுமதியே இல்லாததற்கு அந்தச் சமம் கிடையாது. போனில் அழைக்கும் பெண்ணின் வாய்மொழி, பட்டியல் ஆகாது.

கேள்வி: ஒப்பந்த மேலாண்மை என்று ஒரு விருப்பத் தாள் இருக்கிறது. கையெழுத்துப் போடுவதில் இரண்டு ஆண்டு படிக்க என்ன இருக்கிறது? எங்கள் வகுப்பில் அதை எடுத்தவர்கள் நான்கே பேர்.
எம்.பி.ஏ. மாணவி, மதுரை

பதில்: அந்த நான்கு பேரில் நீங்கள் இல்லை என்று தெரிகிறது. கையெழுத்தோடு ஒப்பந்தம் முடிவதாக நினைப்பது, தாலி கட்டியதோடு குடும்பம் முடிந்தது என்பது போல.

என் கதையையே சொல்கிறேன். வேலையில் சேர்ந்து ஆறாவது ஆண்டு. மின்மாற்றிகள் வாங்க ஓர் ஒப்பந்தம். 14 மாதத்தில் சரக்கு வர வேண்டும், தாமதமானால் வாரத்துக்கு அரை சதவீதம் இழப்பீடு, உச்சவரம்பு ஐந்து சதவீதம். எங்கள் அலுவலகப் பேச்சில் அந்த இழப்பீட்டை எல்.டி. என்போம். கையெழுத்தான தேதியிலிருந்து விரல் விட்டு எண்ணினேன். சரக்கு நான்கு மாதம் தாமதம். பில்லில் ஐந்து சதவீதத்தைப் பிடிக்கச் சொல்லிக் குறிப்பு எழுதி, கம்பீரமாக இனிஷியல் போட்டேன். மேலதிகாரிகள் மூன்று பேரும் அதன் கீழ் வரிசையாகக் கையெழுத்திட்டார்கள்.

அந்த 14 மாதம் கையெழுத்திலிருந்து தொடங்கவில்லை, "நடைமுறைக்கு வரும் நாளிலிருந்து" தொடங்கியது. நடைமுறைக்கு வரும் நாள் என்றால் என்ன என்று முதல் பக்கத்தில், சொற்பொருள் விளக்கத்தில், ஏழாவது வரியில் போட்டிருந்தது: சப்ளையருக்கு முன்பணம் கிடைத்த நாள். எங்கள் நிதிப் பிரிவோ வங்கி உத்தரவாதப் பத்திரத்தின் வாசகத்தில் ஏதோ குறை கண்டுபிடித்து, அந்த முன்பணத்தை ஐந்து மாதம் கட்டி வைத்திருந்தது. கணக்குப் பார்த்தால் சரக்கு ஒரு மாதம் முன்னதாகவே வந்திருக்கிறது. நடுவர் தீர்ப்பாயம் பிடித்த பணத்தை வட்டியோடு திருப்பித் தரச் சொன்னது. கோப்பைத் திறந்தால் முதல் தாள் என் குறிப்பு. சொற்பொருள் விளக்கத்தை யாருமே படிப்பதில்லை என்பதைப் பிற்பாடு மாணவர்களிடம் சொல்லும்போது, "யாருமே" என்பதில் என்னையும் சேர்த்துத்தான் சொல்வேன்.

இன்னொன்றும் அப்போதுதான் தெரிந்தது. எல்.டி. என்று ஒரு தொகையை எழுதிவிட்டாலே முழுவதும் நமக்குச் சொந்தமாகிவிடாது. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆவது பிரிவு, அந்தத் தொகைக்கு மிகாமல் நியாயமான இழப்பீடு என்றுதான் சொல்கிறது. எழுதியது உச்சவரம்பு மட்டுமே. 150 ஆண்டு கடந்த சட்டம். மாட்டுவண்டிக் காலத்தில் எழுதியதை வைத்துக்கொண்டு இன்று மென்பொருள் ஒப்பந்தங்களைத் தீர்த்துக்கொண்டிருக்கிறோம். அது தாக்குப்பிடிப்பதைப் பார்க்கும்போது எழுதியவர்கள் மேல் எனக்கு ஒரு மரியாதை.

விலை உயர்வு, போர், பெருந்தொற்று, அயல்நாட்டுச் சட்டம் என்று வெளியிலிருந்து வருபவற்றை யார் தலையில் வைப்பது என்பதே இந்தப் பாடத்தின் நடு முதுகெலும்பு. இந்தோனேசிய நிலக்கரியை நம்பி நிலையான விலைக்கு மின்சாரம் தருவதாக டெண்டரில் ஜெயித்த நிறுவனங்கள், 2010இல் அந்த நாட்டு அரசு ஏற்றுமதி விலை விதிகளை மாற்றியதும், இது எங்கள் கையை மீறியது என்று வழக்காடின. 2017இல் உச்ச நீதிமன்றம், விலை ஏறியதால் மட்டும் ஒப்பந்தம் நிறைவேற்ற முடியாததாக ஆகிவிடாது என்றது. எதிர் உதாரணம், 2020 பிப்ரவரியில் மத்திய நிதி அமைச்சகம் கொரோனாவை இயற்கைப் பேரிடராகக் கருதலாம், அதாவது கையை மீறியதாக ஏற்கலாம் என்று அரசுத் துறைகளுக்குச் சுற்றறிக்கை விட்டது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசினால் ஒரு மணி நேர வகுப்பு போதாது. ஐந்தாவது ஆளாகப் போய் உட்காருங்கள்.

கேள்வி: பி.ஜி.டி.எம். என்பது பட்டமா, டிப்ளமாவா? எம்.பி.ஏ.வை விடக் குறைவா?
வாசகர், ஈரோடு

பதில்: டிப்ளமாதான். எம்.பி.ஏ. பட்டம் தரும் உரிமை பல்கலைக்கழகங்களுக்கு. தனி நிறுவனங்கள், தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ.யின் ஒப்புதலோடு பி.ஜி.டி.எம். தரும். ஐ.ஐ.எம்.களே 1961இலிருந்து டிப்ளமா தந்துகொண்டிருந்தவைதாம். அவற்றுக்கான தனிச் சட்டம் 2018 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த பிறகுதான் பட்டம் தரும் உரிமை வந்தது. அதுவரை அங்கே படித்தவர்களுக்கு யாரும் வேலை தர மறுக்கவில்லை. அரசு வேலைக்கோ முனைவர் பட்டத்துக்கோ போவதாக இருந்தால் மட்டும், சமநிலைச் சான்று உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கூட்டுறவு வங்கியில் உதவி மேலாளர். வயது 38, வணிகவியல் பட்டதாரி. கணினி நிரல் ஒரு வரி எழுதத் தெரியாது. இணையப் பாதுகாப்பு எம்.பி.ஏ. படித்தால் எனக்கு ஏதாவது விளங்குமா?
வாசகி, கும்பகோணம்

பதில்: விளங்கும். உங்களைப் போன்றவர்கள் படிக்காததால்தான் பல திருட்டுகள் நடந்தன என்று கூடச் சொல்வேன்.

2016 பிப்ரவரியில் வங்கதேச மத்திய வங்கியில் நடந்ததைக் கேளுங்கள். நியூயார்க் ஃபெடரல் ரிசர்வில் இருந்த அதன் கணக்கிலிருந்து கிட்டத்தட்ட 95 கோடி டாலரை மாற்றச் சொல்லி, வங்கிகள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் ஸ்விஃப்ட் வலையமைப்பு வழியாக 35 உத்தரவுகள் போயின. அனுப்பியவர்கள் திருடர்கள். உள்ளே நுழைந்த நிரல் எப்படிப்பட்டது என்பதை நிரல் தெரிந்தவர்கள் பேசட்டும். எனக்கு வியப்பு அவர்கள் நாள் பார்த்த விதம்தான். வியாழன் இரவு வேலையைத் தொடங்கினார்கள். வங்கதேசத்தில் வெள்ளியும் சனியும் விடுமுறை. வங்கிக்காரர்கள் விழித்துக்கொள்ளும்போது நியூயார்க்கில் சனி, ஞாயிறு. அது முடிந்து திங்கட்கிழமை வந்தால் பணம் போய்ச்சேர்ந்த பிலிப்பைன்ஸில் சீனப் புத்தாண்டு விடுமுறை. நம் ஊரில் கல்யாணத்துக்குக் கூட இவ்வளவு கவனமாகப் பஞ்சாங்கம் பார்ப்பதில்லை.

பரிவர்த்தனைகளைத் தானாக அச்சடித்துத் தள்ளும் பிரிண்டர் அந்த வெள்ளிக்கிழமை வேலை செய்யவில்லை. வழக்கமான கோளாறு என்று விட்டுவிட்டார்கள். உங்கள் கிளையில் பிரிண்டர் நின்றால் யாராவது திருட்டைச் சந்தேகிப்பார்களா? இலங்கைக்குப் போன இரண்டு கோடி டாலர் பிடிபட்டதற்குக் காரணமும் எந்த மென்பொருளும் இல்லை. "ஃபவுண்டேஷன்" என்ற சொல்லில் எழுத்துப் பிழை இருப்பதைப் பார்த்து, இடையில் இருந்த வங்கியில் யாரோ ஒருவர் கேள்வி கேட்டார். பிலிப்பைன்ஸுக்குப் போனது 8 கோடியே 10 லட்சம் டாலர்.

ஆக, விடுமுறை நாளில் யார் பொறுப்பு, பிரிண்டர் நின்றால் யாருக்குச் சொல்வது, ஒருவர் போட்ட உத்தரவை இன்னொருவர் எந்த வழியில் சரிபார்ப்பது. இவை எல்லாம் மேலாளரின் வேலைகள். 2018 ஆகஸ்டில் புனேயின் காஸ்மாஸ் வங்கி 94 கோடி ரூபாய் இழந்ததும் ஒரு வாரக் கடைசியில் தொடங்கித்தான். அதுவும் உங்களைப் போல ஒரு கூட்டுறவு வங்கி.

இங்கே சட்டமும் இப்போது கடிகாரத்தைக் கையில் வைத்திருக்கிறது. இணையத் தாக்குதல் தெரியவந்தால் ஆறு மணி நேரத்துக்குள், இத்தகைய தாக்குதல்களைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்குச் சொல்ல வேண்டும், கணினிப் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் உத்தரவு வந்தது. 2023ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அபராதத்தின் உச்சம் 250 கோடி ரூபாய். உங்கள் வங்கியின் மென்பொருளைப் பராமரிக்கும் வெளி நிறுவனம் தாக்குதல் நடந்ததை உங்களுக்கு எத்தனை மணி நேரத்தில் சொல்லும் என்று அதனோடு போட்ட ஒப்பந்தத்தில் தேடிப் பாருங்கள். "நியாயமான காலத்துக்குள்" என்று இருந்தால், அந்த ஆறு மணி நேரத்தை நீங்கள் எப்படிக் காப்பாற்றுவீர்கள்? சரி, நிறுத்திவிட்டேன், இது பாதுகாப்பைப் பற்றிய கேள்வி.

இந்தப் பட்டத்தோடு, தகவல் பாதுகாப்பு வல்லுநர்களுக்கான சி.ஐ.எஸ்.எஸ்.பி. சான்றிதழும் சேர்த்துத் தருகிறோம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அதற்குத் தனித் தேர்வு உண்டு, அந்தத் துறையில் ஐந்து ஆண்டு அனுபவமும் வேண்டும். கணினி சார்ந்த பட்டம் இருந்தால் அதில் ஓர் ஆண்டு கழியலாம். அதைக் கல்லூரி தட்டில் வைத்துத் தர முடியாது.

கேள்வி: எங்களுக்குப் பட்டாசு ஏஜென்சியும் சிறிய அளவில் நாள்காட்டி அச்சகமும் உண்டு. மின்வணிக எம்.பி.ஏ. முடித்து இந்தியா முழுக்க ஆன்லைனில் பட்டாசு விற்க வேண்டும் என்பது என் கனவு. அப்பா வேண்டாம் என்கிறார்.
வாசகி, சிவகாசி

பதில்: அப்பா ஏன் வேண்டாம் என்கிறார் என்று கேட்டீர்களா அம்மா? 2018 அக்டோபர் 23ஆம் தேதி உச்ச நீதிமன்றம் மின்வணிகத் தளங்கள் வழியே பட்டாசு விற்பதற்குத் தடை விதித்தது. பட்டாசுத் தொழிலில் இருக்கிற அவருக்கு அந்தத் தேதி மறந்திருக்காது. கனவைப் பாடத்திட்டத்தோடு ஒப்பிடும் முன் சட்டத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

நாள்காட்டியை ஆன்லைனில் விற்கலாம், யாரும் தடுக்கவில்லை. ஆனால் அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஒரு கணக்குப் போடுவோம். எண்கள் என் கற்பனை, உங்கள் எண்களை நீங்கள் இட்டுக்கொள்ளுங்கள். நாள்காட்டி விலை 350 ரூபாய். அடக்கம் 180, பேக்கிங் 20, கூரியர் 60, தளத்தின் கமிஷன் 45. மிச்சம் 45. நூறு ஆர்டருக்கு 4,500 ரூபாய் லாபம். பரவாயில்லை.

இப்போது அந்த நூறில் பதினைந்து திரும்பி வருகிறது என்று வையுங்கள். கேஷ் ஆன் டெலிவரியில், கதவைத் திறந்து "நான் ஆர்டரே செய்யவில்லையே" என்பவர்கள் உண்டு. போன கூரியர் 60, வந்த கூரியர் 60, பேக்கிங் 20. ஒவ்வொன்றுக்கும் 140 நஷ்டம். பதினைந்துக்கு 2,100. விற்ற 85இல் கிடைத்த 3,825இல் அதைக் கழித்தால் 1,725. சேலை என்றால் திரும்பி வந்ததை மறுபடி விற்கலாம். ஜனவரிக் கடைசியில் திரும்பி வந்த நாள்காட்டியை யாருக்கு விற்பீர்கள்? அந்தப் பதினைந்தின் அடக்கம் 2,700. நூறு ஆர்டர் பிடித்து, கடைசியில் 975 ரூபாய் கைநஷ்டம்.

ஆடிப்பெருக்கன்று நாள்காட்டி மாதிரிகளின் புது ஆல்பம் போட்டு, ஆர்டர் எடுத்து, அச்சடித்து, பொங்கலுக்குள் கடையை மூடும் தொழில் உங்கள் ஊரில் தலைமுறைகளாக நடக்கிறது. அதன் கணக்கு சரியாக வருவதற்குக் காரணம், நகைக்கடையும் ஜவுளிக்கடையும் தங்கள் பெயரை அச்சடித்து மொத்தமாக வாங்கிக்கொள்வதுதான். பெயர் அச்சடித்த சரக்கு திரும்பி வராது. நீங்கள் மின்வணிகம் படிப்பதென்றால் இந்த மொத்த வியாபாரத்தை இணையத்துக்குக் கொண்டுவருவது எப்படி என்று மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்: மாதிரியைத் திரையில் காட்டி, முன்பணம் வாங்கி, பெயரை அச்சடித்து அனுப்புவது. பாடத்திட்டத்தில் திரும்பி வரும் சரக்கின் போக்குவரத்து பற்றிய தாள் இருக்கிறதா என்று பாருங்கள். சமூக ஊடக விளம்பரம் பற்றி மட்டும் மூன்று தாள் இருந்தால் அந்தக் கல்லூரி வேண்டாம். அதை உங்கள் தம்பியே சொல்லித் தருவான்.

தளம் உங்கள் விற்பனையில் அரை சதவீதத்தை ஜி.எஸ்.டி.க்காகப் பிடித்து வைக்கும். பின்னால் வரவு வைத்துக்கொள்ளலாம் என்றாலும், சீசன் நேரத்தில் கையில் அந்தக் காசு இருக்காது. வாங்குபவர் தரப்பிலும் விதிகள் உண்டு. 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, புகார் வந்தால் தளம் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

கேள்வி: தோஹாவில் சைட் இன்ஜினியராக இருக்கிறேன். ஒப்பந்தப் பிரிவுக்கு மாற வேண்டும் என்றால் எம்.பி.ஏ. அவசியமா?
வாசகர், கத்தார்

பதில்: உங்கள் தளத்து அலுவலகத்தில் ஃபிடிக் சிவப்புப் புத்தகம், அதாவது கட்டுமான ஒப்பந்தங்களுக்கான சர்வதேச மாதிரி நிபந்தனைகள், ஒன்று அலமாரியில் இருக்கும், பெரும்பாலும் தூசியோடு. 1999ஆம் ஆண்டுப் பதிப்பு என்றால் 20.1ஆம் விதியை இன்றே படியுங்கள். கூடுதல் காலமோ பணமோ கேட்க வேண்டிய நிலை வந்தால், அது தெரிந்த 28 நாளுக்குள் ஒப்பந்ததாரர் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். 29ஆம் நாள் கொடுத்தால் உரிமை போயிற்று. வரைபடம் தாமதமாக வந்ததைக் கண்ணால் பார்ப்பவர் சைட் இன்ஜினியர். அதை எழுத்தில் வைக்க வேண்டும் என்று தெரியாதவரும் பல நேரம் அவரே. நாட்குறிப்பை ஒழுங்காக எழுதுகிற இன்ஜினியரை ஒப்பந்தப் பிரிவு தானாகக் கொத்திக்கொண்டு போகும். எம்.பி.ஏ. பிறகு பார்க்கலாம். கட்டுமானத்தை மட்டும் மையமாக வைத்த படிப்பு வேண்டுமானால் புனேயின் நிக்மார் 1983இலிருந்து அந்த வேலையைத்தான் செய்கிறது.

கேள்வி: மகனுக்கு ஒரு தனியார் கல்லூரியில் தொழில்நுட்ப மேலாண்மை எம்.பி.ஏ. இடம் கிடைத்திருக்கிறது. கட்டணம் 12 லட்சம். கடன் வாங்கலாமா? கணவர் இல்லை, வீடு ஒன்று இருக்கிறது.
தாய், தென்காசி

பதில்: பத்து சதவீத வட்டி, ஆண்டுக்கு ஆறு லட்சமாகக் கட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். படிக்கும் இரண்டு ஆண்டும் அதன் பின் ஓர் ஆண்டும் தவணை இல்லை என்பார்கள். தவணை இல்லை என்றால் வட்டி இல்லை என்று பொருளல்ல. மூன்று ஆண்டு முடிவில் 12 லட்சம் தனி வட்டியிலேயே 15 லட்சம் ஆகியிருக்கும். அதைப் பத்து ஆண்டில் அடைக்க மாதம் ஏறக்குறைய 19,800 ரூபாய். மொத்தம் கட்டுவது 23 லட்சத்து 80 ஆயிரத்தை நெருங்கும். ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் வங்கி பொதுவாகச் சொத்துப் பிணை கேட்கும், அதாவது அந்த வீடு.

அந்தக் கல்லூரி காட்டும் அதிகபட்சச் சம்பளத்தைப் பார்க்காதீர்கள். சென்ற ஆண்டு முடித்தவர்களில் நடுவில் நிற்பவரின் சம்பளம் என்ன என்று எழுத்தில் கேளுங்கள். 19,800 கட்டிய பிறகு வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் அதில் மிஞ்சுமா என்று பாருங்கள். எழுத்தில் தர மறுத்தால், வீட்டுப் பத்திரத்தைப் பீரோவிலேயே வைத்திருங்கள். மகனிடம் டான்செட்டை இன்னொரு முறை எழுதச் சொல்லுங்கள். அரசுக் கல்லூரிக் கட்டணத்துக்கு அடகு தேவைப்படாது. அவன் கோபித்துக்கொள்வான், கோபித்துக்கொள்ளட்டும்.

கேள்வி: சிறிய வார்ப்படப் பட்டறை நடத்துகிறேன். படிக்க நேரமில்லை. பெரிய நிறுவனம் 90 நாள் கழித்துத்தான் பணம் தருகிறது. ஒப்பந்தத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. ஒன்றும் செய்ய முடியாதா?
வாசகர், கோயம்புத்தூர்

பதில்: சிறு, குறு உற்பத்தியாளராகப் பதிவு செய்திருக்கிறீர்களா? அப்படியானால் 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டியைப் போல மூன்று மடங்கு, மாதாந்திரக் கூட்டு வட்டி. வருமான வரிச் சட்டத்திலும் 2023இல் ஒரு திருத்தம் வந்தது: காலம் தாண்டினால், பணத்தை உண்மையில் கொடுத்த ஆண்டில்தான் வாங்கியவர் அதைச் செலவாகக் காட்ட முடியும். வழக்கு என்று போனால் அடுத்த ஆர்டர் வராது என்ற பயம் எனக்கும் தெரியும். அதனால் முதலில் அவர்களுடைய பர்ச்சேஸ் பிரிவிடம் போகாதீர்கள். கணக்குப் பிரிவுக்கு, மார்ச் மாதத் தொடக்கத்தில், இந்த வரி விவரத்தை மட்டும் நினைவுபடுத்தி மரியாதையாக ஒரு கடிதம் எழுதுங்கள்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவு ஒரு நிமிடத்தில் ஒப்பந்தத்தைப் படித்துவிடுகிறதே. இனி இந்தப் படிப்பு எதற்கு?
வாசகர், சென்னை

பதில்: நானும் சோதித்துப் பார்த்தேன். என் அக்காள் மகன் வந்திருந்தபோது, பெயர்களை அழித்துவிட்டு ஒரு பழைய ஒப்பந்தத்தைக் கொடுத்தோம். எல்.டி. விதி, ரத்து செய்யும் விதி, நடுவர் விதி எல்லாவற்றையும் அழகாகச் சுருக்கித் தந்தது. எனக்கு அரை நாள் வேலை அது. இடையில் "இணைப்பு 4இல் கண்டபடி" என்று ஒரு வரி வந்தது. அதையும் சுருக்கித் தந்தது. இணைப்பு மூன்றோடு முடிந்துவிடுகிறது, நான்கு என்று ஒன்று கிடையாது. அதை அது சொல்லவில்லை. அடுத்த ஆண்டு சொல்லும் என்கிறான் அவன். சொல்லட்டும். அப்போதும் அந்த இணைப்பு 4 ஏன் காணாமல் போனது என்று எதிர்த்தரப்புக்குப் போன் செய்து, அவர்கள் குரல் தடுமாறுவதைக் கேட்க ஓர் ஆள் வேண்டும்.

கேள்வி: இவ்வளவு சொல்கிறீர்களே, நீங்கள் எம்.பி.ஏ. படித்தவரா?
பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சேலம்

பதில்: இல்லை. பி.காம்., பிறகு அஞ்சல் வழியில் எம்.காம். பழுப்பு உறையில் பாடப் புத்தகங்கள் வரும். இரண்டாம் ஆண்டுப் புத்தகம் ஒன்று தேர்வு முடிந்து பன்னிரண்டாம் நாள் வந்துசேர்ந்தது. ஒப்பந்தம் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் பிரிவில் இருந்த ஒரு தலைமை எழுத்தர், பள்ளி இறுதி வரை படித்தவர். சேர்ந்த முதல் வாரம், பொது நிபந்தனைகள் என்ற 64 விதிகளை எழுதப்படாத ஒரு பேரேட்டில் கையால் எழுதிக்கொண்டு வரச் சொன்னார். தட்டச்சு செய்த பிரதி பத்து இருக்கிறதே என்றேன். "அதை நீ படிக்க மாட்டாய் அம்மா" என்றார். 16 நாள் ஆயிற்று. எழுதி முடித்துக் கொடுத்ததும் வாங்கிப் பார்த்துவிட்டு, 41ஆம் விதியில் ஒரு கமா விட்டுவிட்டேன் என்று அந்தப் பக்கத்தை மட்டும் திரும்ப எழுதச் சொன்னார். பேரேடு இன்னும் என்னிடம் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் கமாவின் மேல் சிவப்பு மையில் ஒரு வட்டம்.